கேடயத்திலிருந்து கழற்றிய பெயர்

மரியே வாழ்க

மொன்ட்ரியால்-நோர்
2007 ஐப்பசி 21, ஞாயிறு

அன்பு மகள் ஜென்சிக்கு அம்மா எழுதுவது,

உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம், நீயும் கல்கரியில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க மடு மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். உடம்புக்கு என்று மட்டும் ஏன் எழுதினேன் என்பது போகப்போக விளங்கும். இந்தக் கடிதத்தை வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரிக்காதே பிள்ளை, வீட்டுக்குப் போய் வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிட்டு வாசி. போன கிழமை நான் கோல் எடுத்து, அங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டதா, சப்பாத்து வாங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்தது உனக்கு வினோதமாக இருந்திருக்கும். சொல்லத்தான் எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் சப்பாத்துக் கதைதான் வாயில் வந்தது. கடிதம் என்றால் அழுதுகொண்டும் எழுதலாம், நீயும் இடையில் போனை வைத்துவிட முடியாது. இங்கே வீட்டுக்காரன் இன்னும் குசினி யன்னலைத் திருத்தித் தரவில்லை, கேட்டால் நாளைக்கு மதாம் நாளைக்கு மதாம் என்கிறான். பிள்ளை பராமரிக்கிற கார்டெறியில் என்னோடு சமையலுக்கு நின்ற போர்த்துக்கீசப் பெண் வேலையை விட்டுவிட்டாள், இப்போது அவ்வளவு குழந்தைகளுக்கும் சூப் வைப்பது நான் ஒருத்திதான். அப்பாவின் முழங்கால் பழையபடி நோகிறது. இதெல்லாம் வழக்கமான கரைச்சல், இதற்காக நான் கடிதம் எழுத உட்காரவில்லை.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னுடைய விசயத்தை நான் சபையில் சொல்லிவிட்டேன். கோவில் ஹோல் நிறைந்த சனத்துக்கு முன்னால், எழும்பி நின்று, உன்னைக் கேட்காமல். நீயும் நானும் அப்பாவும் ஜேர்மனியில் இருக்கிற செலீன் மாமியும் டொக்டரும் தவிர ஒருத்தருக்கும் தெரியாமல் இவ்வளவு காலம் காத்தது இப்போது ஊருக்கே தெரியும். கல்கரியில் சனிக்கிழமைகளில் நீ ஓட்டம் பழக்குகிற எங்கள் பிள்ளைகளின் தாய்மாருக்கும் தெரிய வரும், ஒருவேளை இந்தக் கடிதத்துக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருக்கும், எங்கள் சனத்தின் ரெலிபோன் கனடாத் தபாலைவிட வேகம். அதை மற்றவர்கள் வாயால் கேட்காமல் என்னிடமிருந்தே கேள், பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் இரு.

இங்குள்ள எங்கள் தமிழ் ஒன்றியத்துக்கும் ரொறன்ரோக்காரருக்கும் ஒவ்வொரு கோடையும் நடக்கிற ஓட்டப்போட்டியை நான் உனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீ ஓடிய காலத்தில் கேடயம் இங்கேயே கிடந்தது, நீ போனதோடு அதுவும் போயிற்று. இந்த ஆடி மாதம் றோஸ்மேரியின் மகள் அனோஜினிதான் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். முந்தி நீ ஓடி முடித்துக் கழற்றி வைக்கிற ஆணிச் சப்பாத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்தச் சின்னப் பிள்ளை. இப்போது பதினைந்து வயது, என்னைவிட ஒரு தலை உயரம், அகலத் தோள், குரலும் கொஞ்சம் கட்டை. நானூறு மீற்றரில் ரொறன்ரோப் பிள்ளைகளை வளைவிலேயே விட்டுவிட்டு வந்தாள். அவள் மூச்சு வாங்கி முடிக்க முன்னமே, ரொறன்ரோப் பக்கத்தில் நின்ற ஒரு தாய் "இது பெட்டையோ பெடியனோ எண்டு ஆராவது பாத்தீங்களோ" என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள். போன மார்கழியில் இந்தியாவில் ஒரு தமிழ்ப் பிள்ளையைச் சோதித்துப் பதக்கத்தைப் பறித்த செய்தி எல்லார் வீட்டிலும் கதைபட்டதுதானே, அது அவர்கள் வாய்க்கு வசதியாகப் போயிற்று. இனி ஒரு விதி எழுதாமல் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டோம் என்று ரொறன்ரோவிலிருந்து சொல்லிவிட்டார்கள். தோற்ற பிள்ளையின் தாயை நான் பழி சொல்ல மாட்டேன், விடியக்காலையில் பிள்ளையை எழுப்பிக் கொண்டுபோய்ப் பழக்கியவளுக்கு வயிறு எரியத்தான் செய்யும், ஓட்டம் நேர்மையாக நடக்க வேண்டும் என்று கேட்பதும் பிழையில்லை. எங்கள் ஆட்கள் அதற்குக் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதைக் கேள்.

புரட்டாதிக் கடைசி ஞாயிறு பூசை முடிந்து கோவிலின் கீழ் ஹோலில் பொதுக்கூட்டம். தலைவர் அருமைராசா அண்ணை புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு விதியை வாசித்தார். பதினான்கு வயதுக்கு மேல் பெண்கள் பிரிவில் ஓடுகிற பிள்ளை பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டவள் என்று தாயும் உறவில்லாத இன்னொரு பெண்ணும் சபையில் சாட்சி சொல்ல வேண்டுமாம். சாமத்திய வீடு கொண்டாடியிருந்தால் அந்தச் சாட்சியும் தேவையில்லையாம், வந்து சாப்பிட்ட சனமே சாட்சியாம். அப்படிச் சொல்ல முடியாதவள் ஓட முடியாது, முந்தி ஓடியவளாக இருந்தால் கேடயத்தில் அவளுடைய பெயரும் இருக்க முடியாது. "வெள்ளைக்காரர் மாதிரி எங்கட பிள்ளையள டொக்டரிட்டக் கொண்டுபோய் உடுப்புக் கழட்டச் சொல்லேலாது, எங்கட முறையில மானமாச் செய்வம்" என்றார். சனம் கைதட்டியது. பார்த்தாயா, ஒரு பிள்ளை பெண்ணா இல்லையா என்று எங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஹோல் எடுத்து றோல்ஸும் கேக்கும் கொடுத்தார்களா என்று பார்த்தால் போதும். மனிசர் உண்மையாகவே நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார், அதுதான் கொடுமை.

பிறகு எல்லாரும் றோஸ்மேரியின் பக்கம் திரும்பினார்கள். யாரோ "அனோஜினிக்கு எப்ப சாமத்திய வீடு செய்தனீங்கள், எங்களுக்குச் சொல்லேல்லையே" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "இன்னும் இல்லை" என்றாள். பின்னுக்குக் குசுகுசுப்பு. அனோஜினி படிக்கட்டுக்குப் பக்கத்தில் மற்றப் பிள்ளைகளோடு நின்றாள், அந்தப் பிள்ளை தமிழ் அவ்வளவாகக் கதைக்காது, ஆனால் ஒரு சொல்லும் விளங்காமல் இல்லை, காது இரண்டும் சிவந்துபோய் நின்றதை நான் கண்டேன். அப்போதுதான் அருமைராசா அண்ணை உன் பெயரை இழுத்தார். "எங்கட ஜென்சியப் பாருங்கோ, அவளும் இப்பிடித்தான் பறந்தவள், அவளில ஆராவது ஒரு சொல்லுச் சொன்னவையோ? அவளின்ர சாமத்திய வீட்டில நாங்கள் எல்லாரும் சாப்பிட்டனாங்கள். குறையில்லாத பிள்ளை" என்றார். சனமெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தது, நானும் பதிலுக்குச் சிரித்தேன், பழக்கதோசம். உடனே அவர் விதிக்குச் சம்மதமானவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். கைகள் எழும்பின. முன்மேசையில் செயலாளர் கதிரையில் இருந்த அப்பாவும் தூக்கினார். எனக்கு அது அவ்வளவு அதிர்ச்சியாக இருக்கவில்லை, தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்திருப்பார். ஆனால் அடுத்ததாக றோஸ்மேரி கையைத் தூக்கினாள் பிள்ளை. தன் மகள் பின்னுக்கு நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவளை ஓடவிடாமல் செய்கிற விதிக்குத் தாயே கையைத் தூக்கினாள். அவளுக்கும் அதே பயம்தான்.

அதைக் கண்டதும் எனக்கு உன் சாமத்திய வீட்டு நாள்தான் கண்ணுக்குள் வந்தது. செலீன் மாமி ஜேர்மனியிலிருந்து ரிக்கற் போட்டு வந்துவிட்டா, அவவுக்கு ஆவணியில்தான் லீவு, ஹோல் சொல்லியாயிற்று, லண்டனிலிருந்து ஆட்கள் வெளிக்கிட்டாயிற்று, உனக்கோ பதினாறு வயதாகியும் ஒன்றும் வரவில்லை. "வராட்டி என்ன, இண்டைக்கில்லாட்டி நாளைக்கு வரத்தானே போகுது, பொம்பிளையள் நாங்கள் சொன்னா ஆர் கேக்கப்போகினம்" என்று தம்பிக்காரனான அப்பாவையும் என்னையும் மாமி அடக்கிவிட்டா. கூறைச் சேலைக்குள் நீ நின்று, ஒண்டுமே வரேல்லையே அம்மா என்று அழுதாய், மாமி பவுடரைப் போட்டு அதை மூடினா. அதற்கு நான் உன்னிடம் முந்தியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீயும் சரி என்றாய், அதைத் திரும்பக் கிண்டவில்லை. ஆனால் அன்றைக்குத் தின்ற பலகாரத்தை இன்றைக்கு எடுத்து இன்னொரு பிள்ளையின் தலையில் அடிக்கிறார்கள் என்று கண்டபோது என்னால் இருக்க முடியவில்லை. கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

"என்ர மகளுக்கும் வரேல்லை, இண்டைக்கு வரைக்கும் வரேல்லை, நீங்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டது பொய்ச் சாமத்தியம்" என்று சொன்னேன். இந்த மட்டில் நிறுத்தியிருக்கலாம். இந்த மட்டில் நிறுத்தியிருந்தால் றோஸ்மேரியின் பிள்ளைக்கும் அது காணும். வாயைத் திறந்த பிறகு எனக்கு மூடத் தெரியவில்லை. பதினேழு வயதில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது, உள்ளுக்குக் கர்ப்பப்பை இல்லை என்றது, இரத்தத்தில் ஆணின் அடையாளம் இருக்கிறது என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆண் சுரப்பு இருந்தும் அதை அவளுடைய உடம்பு எடுக்காது, அதனால் அவளுக்கு ஓட்டத்தில் ஒரு லாபமும் இல்லை என்று டொக்டர் சொன்னதையும் சொன்னேன், அவள் ஓடியது தன் காலால்தான் என்றும் சொன்னேன். ஆனால் ஆண் என்ற சொல்லுக்குப் பிறகு ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை பிள்ளை, முகங்களைப் பார்க்கவே தெரிந்தது. எழும்பியதற்காக நான் வருந்தவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். இரத்தத்தைப் பற்றிய பங்கு உன்னுடையது, அதை நான் எடுத்துக் கொடுத்திருக்கக் கூடாது. நத்தாருக்கு வந்தால் அதற்குத்தான் நீ என்னைப் பேச வேண்டும்.

நான் சொல்லி முடித்தபோது ஒரு கையும் இறங்கவில்லை. யாராவது ஒருத்தராவது இறக்குவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்த மறைக்கல்வி ரீச்சர் இருந்தா, அவவும் இறக்கவில்லை. அப்பாவின் கையும் அப்படியே நின்றது. இறக்க மறந்தாரா, மனம் வரவில்லையா, இன்றைக்கு வரைக்கும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விதி ஏகமனதாக நிறைவேறியது என்று அருமைராசா அண்ணை சொன்னார், நான் ஒருத்தி நின்றுகொண்டிருப்பதை அவர் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வெளியில் வரும்போது றோஸ்மேரி என் கையைப் பிடித்தாள், நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், விசரி நான். "என்ர பிள்ளைக்குப் பிந்திப் போச்சுது, அவ்வளவுதான் அக்கா, நீங்கள் அவளையும் உங்கட பிள்ளையோட சேத்துப்போட்டீங்கள், இனி வந்தாலும் ஆர் நம்பப்போகினம்" என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. உன்னையும் காட்டிக்கொடுத்து அவளுடைய பிள்ளையையும் கெடுத்ததுதான் நான் எழும்பிக் கண்ட மிச்சம்.

அதற்குப் பிறகு கோவிலில் சமாதானம் கொடுக்கிற நேரத்தில் எனக்கு முன்வாங்கில் இருக்கிற பெண்கள் மற்றப் பக்கம் திரும்பிக் கை கொடுக்கிறார்கள். மூலைக்கடை டெபனரில் கண்டால் பால் எடுக்கிற சாட்டில் மற்ற வரிசைக்குப் போகிறார்கள். உன்னைக் கலியாணம் பேசிக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டொரு வீடுகள், அதுதான் நீ வேண்டாம் வேண்டாம் என்று என்னோடு சண்டை பிடித்தாயே, அவர்களும் இப்போது தாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை என்கிறார்களாம். செலீன் மாமி ஜேர்மனியிலிருந்து கோல் எடுத்துக் குடும்பத்தின் மானத்தை விற்றுவிட்டேன் என்று திட்டினா, நான் போனை மேசையில் வைத்துவிட்டு உருளைக்கிழங்கு சீவினேன், முடித்துவிட்டு எடுத்தபோதும் திட்டிக்கொண்டுதான் இருந்தா. எனக்கு இதெல்லாம் பெரிதில்லை, நான் கிழவியாகப் போகிறவள். நேற்றுக் கேட்ட செய்திதான் நித்திரையைக் கெடுத்தது. றோஸ்மேரி கார்த்திகையில் ஹோல் எடுத்துவிட்டாளாம், அனோஜினிக்குச் சாமத்திய வீடு. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், இருந்தாலும் எல்லாரும் போய்ச் சாப்பிடப்போகிறார்கள், விதிப்படி சரியாகிவிடுமாம். எல்லார் வீட்டுக்கும் கார்ட் வந்திருக்கிறது, எங்கள் வீட்டுக்கு இல்லை. டொக்டரிடம் காட்டு என்று சொல்லலாம் என்று கோல் எடுத்தேன், என்னுடைய நம்பரைக் கண்டு அவள் எடுக்கவில்லை.

பிள்ளையை மட்டும் ஒரு நாள் பஸ்ஸில் கண்டேன். வெறும் சீற் எத்தனையோ இருக்க எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். கனநேரம் பள்ளிக்கூடப் பையின் சிப்பைத் திறப்பதும் பூட்டுவதும்தான். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் "அன்ரி, ஜென்சி அக்கா இப்பவும் ஓடுறாவோ" என்று கேட்டாள். எனக்கு எங்கே தெரியும், நீதான் இரண்டு வருசமாக உன்னைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லையே, மற்றப் பிள்ளைகளைப் பழக்குகிறாய் என்று மட்டும் தெரியும். ஆனாலும் "ஓம், ஒவ்வொரு நாளும் ஓடுறா" என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினாள், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். இப்போது அவள் ஓட்டம் பழக வருவதில்லை என்று அப்பா சொன்னார். நீ ஓடாமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது பொய்யாகிவிடும், அதையும் ஒருக்கால் யோசி.

அங்கே உள்ள தாய்மாரைப் பற்றி எனக்குப் புத்தி சொல்லத் தெரியவில்லை. யாராவது திடீரென்று பிள்ளையைக் கூட்டிவராமல் விட்டால் ஏன் என்று கேட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்காதே. முகத்துக்கு நேரே கேட்டால், சொல்வதா விடுவதா என்பதை நீயே பார்த்துக்கொள், எனக்காக ஒன்றையும் மறைக்கவும் வேண்டாம், என்னைப்போல அவசரப்பட்டுக் கொட்டவும் வேண்டாம். பள்ளிக்கூடத்து வேலைக்கு இது வில்லங்கம் ஆகுமா என்று எனக்குத் தெரியாது, அந்தப் பயம்தான் என்னைத் தின்கிறது. ஆகுமென்றால் உடனே சொல், நான் வந்து உன்னோடு நிற்கிறேன், இந்தக் குசினி யன்னலும் சூப் பானையும் தங்கள் பாட்டில் கிடக்கட்டும்.

இனி அப்பாவைப் பற்றி. நேற்றுக் காலையில் அருமைராசா அண்ணையும் இன்னொருவரும், செயலாளர் என்று அப்பாவிடம் இருந்த கேடயத்தைக் கொண்டுபோக வந்தார்கள், உன் பெயரை எடுத்துவிட வேண்டுமாம், அதை நேரே சொல்லாமல் பொலிஷ் போடக் கொடுக்கப்போகிறோம் என்றார்கள். அப்பா அவர்களை உள்ளே கூப்பிடவில்லை, அலுமாரியிலிருந்து எடுத்துவந்து வாசலில் வைத்துக் கொடுத்தார். பார்த்தால் உன் பெயர்த் தகடு இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும்தான். விடிய வெள்ளனவே பல்கனியில் போய் இருந்து ஸ்குரூ டிரைவரால் தானே கழற்றியிருக்கிறார், அப்பா பல்கனியில் சும்மா இருக்கிறார் என்று நான் நினைத்தேன். "நாங்களே கழட்டியிருப்பமே அண்ணை" என்று அருமைராசா அண்ணை இழுத்தார். "என்ர பிள்ளையின்ர பேரில வேற ஒருத்தற்ற கையும் படத் தேவையில்லை, செயலாளருக்கும் வேற ஆளப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அப்பா கதவைச் சாத்தினார். அந்தக் கைதான் கூட்டத்தில் எழும்பி நின்ற கை. கதவைச் சாத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்தேன். இதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, நீயும் அவசரப்பட்டு மன்னிக்க வேண்டியதில்லை. அவர் கூட்டத்தில் செய்ததைச் சொன்னவள் இதையும் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆண்டவர் உன் உடம்பையும் மனதையும் காக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் மாதா முன்னால் நடக்கட்டும், உன்னை இப்படிப் படைத்தவருக்கு உன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரியும் என்று நம்புகிறேன், நம்ப முடியாத நாட்களில் அவரோடும் சண்டை பிடிக்கிறேன். குளிருக்குக் காதை மூடு. கடைசியாக ஒன்று, மறக்காமல் பதில் போடு. அப்பா அந்தத் தகட்டைத் துடைத்து இந்தக் கடித உறைக்குள் வைத்தார். நான் வெளியே எடுத்துவிட்டேன். அது இப்போது தையல் மெசின் லாச்சிக்குள் இருக்கிறது. அதை உனக்கு அனுப்புவதா, இங்கே வைத்திருப்பதா, ஆற்றில் எறிவதா, நீ சொல். நீ சொல்லும்வரை நானும் அப்பாவும் அதைத் தொட மாட்டோம், இதையாவது உன்னைக் கேட்டுச் செய்கிறேன்.

உன்னைப் பெற்ற
அம்மா பிலோமினா